தேக்கா காகமும் சுங்கை பூலோ உள்ளானும்

சிங்கப்பூரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் தீவு. மார்கழியிலும் வேர்க்கும், சித்திரையிலும் வேர்க்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், அவ்வளவுதான். ஆனால் சைபீரியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் குளிர் தொடங்கிவிட்டால் அந்தச் சேதி இந்தத் தீவுக்கு வந்துவிடுகிறது. செப்டம்பரில் வலசைப் பறவைகளின் முதல் கூட்டம் இறங்கும். மார்ச் முடிவதற்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

அந்த விருந்தாளிகளைப் பார்க்கத்தான் தை பிறந்த கையோடு போனேன். உறவுக்காரர் வீட்டுத் தங்கல், கடைத்தெரு சுற்றல் எல்லாம் உபரி. கோடியக்கரைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் உள்ளானையும் நாரையையும் பார்க்கக் கடல் தாண்ட வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் பைனாகுலரைப் பெட்டியில் வைத்தேன்.

தேக்கா

எந்த ஊரானாலும் பறவை பார்ப்பதைச் சந்தையில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குள் நுழைந்தபோது காலை ஆறரை, வெளியே நல்ல இருட்டு. அங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். மீன் கடைகளில் ஐஸ் உடைக்கும் சத்தம், இறைச்சிக் கடையில் கத்தி தீட்டும் சத்தம், அதற்கு மேலே எங்கிருந்தோ ஒரு காகம். விமானத்தில் நாலு மணி நேரம் பறந்து வந்து முதலில் கேட்டது காகத்தின் குரல் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் சந்தோஷம்.

உணவுக்கடைப் பக்கம் இடியாப்பம் வாங்கி உட்கார்ந்தேன். தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துத் தருகிறார்கள்; குழம்பு கேட்டால்தான். மேசைக்கு அடியில் கறுப்பு மைனாக்கள் நடந்துகொண்டிருந்தன. நம் ஊர் மைனாவைப் போலக் காப்பி நிறம் இல்லை. உடம்பு கரி, அலகும் காலும் மஞ்சள், நெற்றியில் சின்னக் குடுமி. ஜாவா மைனா. பக்கத்து மேசைப் பெரியவர் எழுந்து தட்டைத் தூக்கியதும் மூன்று மைனாக்கள் தலையைச் சாய்த்து அவர் கையையே பார்த்தன. அவர் தட்டைக் கொண்டுபோய் அதற்குரிய அலமாரியில் வைத்துவிட்டார். உணவுக்கடைகளில் தட்டைத் திருப்பி வைத்தாக வேண்டும் என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. மைனாக்கள் அடுத்த மேசைக்கு நடந்தன.

இந்த ஜாவா மைனாவின் கதை விசித்திரமானது. 1920-களில் கூண்டுப் பறவையாகக் கொண்டுவந்தார்கள். தப்பியதோ, விட்டதோ, பெருகிவிட்டது. இன்று தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான். மாலையில் மரம் அடைந்து இது போடும் இரைச்சலைப் பற்றி ஊரே புகார் சொல்கிறது. ஆனால் சொந்த ஊரான ஜாவாவில் கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே குறைந்துபோய், அழியும் அபாயமுள்ள பறவைகளின் பன்னாட்டுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. தாய்வீட்டில் தேடுகிறார்கள், போன இடத்தில் விரட்டுகிறார்கள்.

சந்தைக்கு வெளியே பொங்கல் இன்னும் முடிந்தபாடில்லை. கேம்பல் லேன் முனையில் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் விலை குறைந்து கிடந்தன. ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்த வட்டாரத்தில் மாடு கொண்டுவந்து கட்டி வைப்பார்கள்; அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகள் மாடு பார்ப்பது அப்போதுதான். ஒரு காலத்தில் இந்த வட்டாரமே தொழுவமாக இருந்திருக்கிறது. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரிகள் இங்கே கூடினார்கள், அவர்களோடு தமிழ் மாட்டுக்காரர்களும் வந்தார்கள். மாடு இருந்த இடத்தில் உண்ணிக்கொக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்று பஃப்பலோ சாலையில் எருமை இல்லை, காய்கறிக் கடைகள் இருக்கின்றன.

லிட்டில் இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற பறவையைப் பற்றிச் சொல்லாமல் நகர்ந்தால் குற்றம். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது இந்த வட்டாரத்தில் சீட்டெடுத்த மணி என்ற கிளி, காலிறுதி ஆட்டங்கள் அத்தனையிலும் வெல்லும் அணியைச் சரியாகச் சொன்னது. ஜெர்மனியை ஸ்பெயின் வெல்லும் என்றும் சொன்னது, பலித்தது. உலகப் பத்திரிகைகள் சிராங்கூன் சாலைக்கு ஓடிவந்தன. இறுதி ஆட்டத்தில் மணி நெதர்லாந்துச் சீட்டை எடுக்க, ஜெர்மனியில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் ஸ்பெயினைத் தேர்ந்தெடுக்க, ஸ்பெயின் வென்றது. தோற்றது நம் கிளி. இருந்தாலும் ஒரு மாதம் உலகம் பேசிய தமிழ்க் கிளி வேறு ஏது?

தோ பாயோ

சித்தி வீடு தோ பாயோவில் பன்னிரண்டாவது மாடி. அவர் அம்மா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். சித்தி பிறந்தது இங்கேதான். நாகப்பட்டினத்துப் பேச்சு அப்படியே இருக்கிறது, நடுவில் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும்.

நான் போய்ச் சேர்ந்த அந்த வாரமே தை அமாவாசை. காலையிலிருந்து சமையல். வாழைக்காய், பூசணிக்காய், உளுந்து வடை. படைத்து முடித்ததும் சித்தி ஒரு சின்ன வாழையிலை நறுக்கில் சோறும் பருப்பும் வடைத்துண்டும் வைத்து, சமையலறை ஜன்னல் அருகே கொண்டுபோனார். ஜன்னலுக்கு வெளியே வைக்கவில்லை. உள்ளே நின்றபடி, இலையைக் கையில் ஏந்திக்கொண்டு, மெல்லிய குரலில் கூப்பிட்டார்: “கா… கா…”

எதிர்ப் புளோக்கின் கூரை விளிம்பில் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று பதில் கொடுத்தது. சித்தி இலையைத் திரும்பக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். “ம், கேட்டுருச்சு. எல்லாரும் உக்காருங்க.”

“அவ்வளவுதானா சித்தி?”

“வேற என்னப்பா செய்யச் சொல்ற? சோறு வச்சா ஃபைன். அதுக்காக அம்மாவுக்குப் படைக்காம இருக்க முடியுமா? கூப்பிட்டேன், அது கேட்டுச்சு, போதும். அவங்களுக்குத் தெரியும் இந்த ஊரு சட்டம்.”

சட்டம் கடுமையானதுதான். காட்டுயிர்ச் சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள். புறாவோ காகமோ குரங்கோ, எதற்கும் தீனி போடக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும், மறுபடி பிடிபட்டால் 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம். பிடிசோற்றுக்கு இவ்வளவு விலையா என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. காகத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது.

வீட்டுக்காகம் மலாய்த் தீபகற்பத்துப் பறவையே அல்ல. 1890-களில் மலாயாவின் கிள்ளானுக்கு, தோட்டப் பயிரைத் தின்ற கம்பளிப்புழுக்களைக் கட்டுப்படுத்தவென்று இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். நம் மக்களைத் தோட்டவேலைக்குக் கூட்டிவந்த அதே காலம், அதே மாதிரியான கப்பல், ஏறக்குறைய அதே முதலாளிகள். 1940-களில் அது சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. புழுவைத் தின்றதோ இல்லையோ, குப்பையைத் தின்று பெருகியது. துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார்கள். கூடுகளை அகற்றினார்கள், பொறி வைத்தார்கள். 2023-ல் பீஷான் பக்கம் நடந்துபோனவர்களின் தலையில் காகங்கள் கொத்தியது அங்கே பெரிய செய்தி.

காகம் வந்ததும் பின்னாலேயே குயில் வந்தது. முன்பெல்லாம் இங்கே குயில் எப்போதாவது தென்படும் குளிர்கால விருந்தாளி. முட்டையிடக் காகக்கூடு கிடைத்ததும் 1980-களிலிருந்து இங்கேயே குடித்தனம் நடத்துகிறது. இப்போது அதிகாலையில் குயில் கூவுகிறது, தூக்கம் கெடுகிறது என்று நகராட்சி மன்றத்துக்கும் பத்திரிகைக்கும் புகார் போகிறது. இதைச் சொல்லிவிட்டுச் சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். குயில் கூவுவதைக் கேட்டு நம் ஊரில் பாட்டெழுதினார்கள், இங்கே மனு எழுதுகிறார்கள்.

கெபுன் பாரு

அங் மோ கியோ பக்கத்தில் இருக்கும் இந்தத் திடலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போக வேண்டும். புல்வெளியில் உயரக் கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கம்பத்திலும் கொடியேற்றுகிற மாதிரி கயிறு இழுத்துக் கூண்டை உச்சிக்கு ஏற்றுகிறார்கள். கூண்டுக்குள் மெர்போக் எனப்படும் சின்ன வரிப்புறா. உயரம் ஏறினால்தான் அது குரல் திறக்குமாம். ஓரத்துக் கொட்டகையில் தாழ்வாகத் தொங்கும் கூண்டுகளில் செம்மீசைச் சின்னான்களும் வெள்ளைக்கண்ணிகளும்.

கீழே பெஞ்சில் சீனத் தாத்தாக்களும் மலாய்க்காரர்களும் கோப்பி குடித்துக்கொண்டு, வாய் பேசாமல், மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எனக்காகத் தன் கூண்டை இறக்கிக் காட்டினார். மூங்கில் கம்பிகள் கையால் சீவியவை, தண்ணீர்க் கிண்ணம் பீங்கான், அதில் விரல்நகம் அளவுக்கு நீலப் பூ வரைந்திருந்தது. புறாவின் விலையைவிடக் கூண்டின் விலை அதிகம் என்றார். எனக்குக் கூண்டுப் பறவை பிடிக்காது. ஆனால் ஒரு புறாவின் குரலில் எந்த அசை குறைந்தது, எது நீண்டது என்று காதைத் தீட்டிக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பிடிக்காமல் போகுமா? பைனாகுலர் பிடித்த பலருக்கு அந்தக் காது கிடையாது.

சுங்கை பூலோ

தீவின் வடமேற்கு மூலை. அடுக்குமாடிகள் முடிந்து, பண்ணைகள் தொடங்கி, சாலையில் வண்டி குறைந்து, திடீரென்று கண்டல் காட்டு வாசனை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும்: உப்பும் சேறும் மட்கிய இலையும் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டால் ஊர்தான். திறந்தால் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவின் மாடிக் கட்டடங்கள்.

நுழைவாயிலை ஒட்டிய பாலத்தில் சிறு கூட்டம். எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலங்கிய தண்ணீரில் தென்னை மட்டை போல ஒன்று மிதந்தது. பிறகு அது கண் திறந்தது. உவர்நீர் முதலை. நகரத்துக்குள், பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வரும் இடத்தில், வேலி இல்லாமல் முதலை. பாதையை விட்டு இறங்காதே என்று ஒரு பலகை, அவ்வளவுதான். ஒருவரும் இறங்கவில்லை. கல்லெறியவும் இல்லை. நம் ஊராக இருந்தால் என்று தொடங்கி ஒரு வாக்கியம் மனதில் ஓடியது, நிறுத்திக்கொண்டேன்.

இந்த இடம் ஒரு காலத்தில் இறால் குட்டை. கடல் ஏறும்போது மதகைத் திறந்து, தண்ணீரோடு இறால் குஞ்சையும் உள்ளே விட்டு, மதகை மூடி வளர்த்தார்கள். 1980-களில் பண்ணைகள் கைவிடப்பட்டு, விவசாயத் தொழில்நுட்பப் பூங்கா அமைக்கத் திட்டம் போட்டிருந்த நேரத்தில், 1986-ல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், ரிச்சர்ட் ஹேல் போன்றவர்கள், இங்கே வலசைப் பறவைகள் குவிவதைக் கண்டார்கள். கோஷம் போடவில்லை. கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, திட்ட அறிக்கை எழுதி அரசிடம் கொடுத்தார்கள். 1989-ல் ஒப்புதல் கிடைத்தது. 1993 டிசம்பர் 6 அன்று பிரதமர் கோ சோக் தோங் இயற்கைப் பூங்காவாகத் திறந்து வைத்தார். 2002-ல் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகம் ஆனது.

எல்லாச் சதுப்புக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. வடக்கே செனோக்கோ என்ற இடத்தைக் காக்க 1990-களில் பெரிய கையெழுத்து இயக்கமே நடந்தது. அங்கே இன்று கட்டடங்கள் நிற்கின்றன. சிங்கப்பூரைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறைகுடிலுக்குள் போய் உட்கார்ந்தேன். மரச்சட்டத்தில் கண்ணளவுக்குத் திறப்பு, அதற்கு அப்பால் குட்டை. ஆரம்பத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. சாம்பல் நாரை ஒன்று, இரண்டு கொக்குகள், சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்கள், கரையோரம் நாக்கை நீட்டிக்கொண்டு நடந்த ஒரு நீர் உடும்பு. வெண்கழுத்து மீன்கொத்தி ஒன்று மதகின் கைப்பிடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் டெலஸ்கோப் வைத்திருந்த சீனப் பெரியவர், பல வருடமாக இங்கே தொண்டூழியர், தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பொறு, இன்னும் கடல் ஏறவில்லை.

விஷயம் இதுதான். கடல் வற்றியிருக்கும்போது இந்தக் கரைப்பறவைகள் எல்லாம் நீரிணையின் சேற்றுத் திட்டுகளில், முக்கியமாகக் கிழக்கே மண்டாய் சேற்றுவெளியில், பரவி மேய்கின்றன. கடல் ஏற ஏற அந்தத் திட்டுகள் முழுகும். இவை நீந்தும் பறவைகள் அல்ல, கால் ஊன்ற இடம் வேண்டும். அப்போது இந்தக் குட்டைகளுக்கு வருகின்றன. காப்பகத்துக்காரர்கள் பழைய மதகுகளைப் பராமரித்து, வெளியே கடல் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே தண்ணீரைத் தாழ்வாக, சேறு தெரிகிற அளவுக்கு வைத்திருக்கிறார்கள். இறாலைப் பிடிக்கக் கட்டிய மதகு உள்ளானுக்கு நிற்க இடம் பிடித்துக் கொடுக்கிறது.

அரை மணி கழிந்திருக்கும். முதலில் குரல் வந்தது. ஒரே சுரத்தை ஏழெட்டு முறை அடுக்கிச் சொல்லும் விசில். விம்பரல் என்றார் பெரியவர். கீழ்நோக்கி வளைந்த நீள அலகோடு நான்கைந்து பறவைகள் இறங்கின. அதற்குப் பின்னால் காட்டு விளிம்பைத் தாண்டி ஒரு கூட்டம் திரும்பியது. திரும்பும்போது எல்லாச் சிறகுகளிலும் வெள்ளை விளிம்பு ஒரே நேரத்தில் பளிச்சிட்டது. பவளக்காலிகள். இறங்கிய வேகத்தில் சிறகை ஒரு நொடி தூக்கி வைத்து, பிறகு மடக்கிக்கொண்டன. மேலும் மேலும் வந்தன. பச்சைக்காலிகள், முதுகில் பொன்துகள் தூவிய உப்புக்கொத்திகள். கொஞ்ச நேரத்தில் குட்டையின் நடுத்திட்டில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் காற்று வரும் திசைக்கு முகம் காட்டி, ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு நின்றன.

பெரியவர் டெலஸ்கோப்பை எனக்குத் திருப்பி வைத்தார். ஒரு பவளக்காலி கண்ணுக்கு அருகில் வந்தது. கால் நிறம் பவளம் என்பதைவிடப் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. தொடைக்குக் கீழே ஆராய்ச்சிக்காக மாட்டிய நிறப் பட்டை ஒன்று. அலகின் அடிப்பாதி சிவப்பு, நுனி கறுப்பு, நுனியில் காய்ந்த சேறு. கண்ணை மூடி மூடித் திறந்தது. நூற்றுச் சொச்சம் கிராம் எடை. ஒரு பெரிய வெங்காயத்துக்கு மேல் இராது.

இந்த நூற்றுச் சொச்சம் கிராம் எங்கே போய் வருகிறது என்று இங்கேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சுங்கை பூலோவில் பிடித்துக் கருவி பொருத்திவிட்ட பவளக்காலிகளும் விம்பரல்களும் இமயமலையைத் தாண்டிப் பறப்பதை 2020-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கடலோரச் சேற்றில் காலூன்றி வாழும் பவளக்காலி, உலகத்தின் உயரமான மலைத்தொடரைக் கடந்து, சிங்ஹாய்–திபெத் பீடபூமியில் குஞ்சு பொரிக்கிறது. மற்றவை கிழக்குக் கரையோரமாகச் சீனா, கொரியா வழியாகப் போகின்றன. அந்தக் கரையோரத் தடத்துக்கு ரஷ்யாவின் தூரக் கிழக்கும் அலாஸ்காவும் ஒரு முனை, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மறுமுனை. நடுவே 22 நாடுகள். ஐந்து கோடிக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் இந்தத் தடத்தில் போய்வருகின்றன. இதே தடத்தின் மூக்கன் வகைப் பறவை ஒன்று 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்தது.

எல்லாப் பறவையாலும் அப்படி முடியாது. பெரும்பாலானவற்றுக்கு நடுவழியில் இறங்கித் தின்ன சேறு வேண்டும். மஞ்சள் கடலோரச் சேற்றை எவ்வளவோ தூர்த்துவிட்டார்கள். தென் கொரியாவில் சேமங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் 2006-ல் மூடப்பட்டது. அங்கே இறங்கிக்கொண்டிருந்த பறவைகளில் பெரும்பகுதி வேறெங்கும் எண்ணிக்கையில் தேறவில்லை. எஞ்சிய சேற்றுநிலங்களில் சிலவற்றைச் சீனக் கரையில் 2019-லும் கொரியக் கரையில் 2021-லும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ. ஆகவே சுங்கை பூலோவில் கூட்டம் குறைந்தால் காரணம் சுங்கை பூலோவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரியவர் வருடா வருடம் எண்ணுகிறார். குறைந்துதான் வருகிறது என்றார், எண்ணுவதை நிறுத்தாமல்.

கிராஞ்சிப் பக்கம்

திரும்பும் வழியில் கரையோரப் பலகை நடையில் நம் ஆட்கள் மூவர் செல்பேசியில் முதலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வடக்குப் பகுதிக் கப்பல் பட்டறையில் வேலை, தங்குமிடம் பக்கத்தில்தான், ஞாயிறு விடுமுறை. அதில் ஒருவர் என் பைனாகுலரைக் கேட்டு வாங்கிக் குட்டையைப் பார்த்தார். பார்த்தவுடனே சொன்னார்:

“அட, உள்ளானு!”

“எந்த ஊரு தம்பி?”

“வேதாரண்யத்துப் பக்கம்ணே. அகஸ்தியம்பள்ளி.”

அதற்குப் பிறகு நாங்கள் ஊருக்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டோம். பட்டறைக்கு வருவதற்கு முன்னால் உப்பளத்தில் இருந்தவர் அவர். பாத்தியில் தண்ணீர் கட்டினால் எந்தப் பறவை முதலில் இறங்கும், உப்பு விளைய விளைய எது போய் எது வரும், பூநாரை எந்தக் காற்றுக்கு வரும், எல்லாம் விரல் நுனியில். சுங்கை பூலோவில் ஒட்டியிருந்த விளக்கப் பலகையில் இல்லாத தகவல்கள்.

“கண்ணி வச்சுப் பிடிப்பாங்கண்ணே. ராத்திரியில வலையும் போடுவாங்க. சோடி இவ்வளவுன்னு வெலை. எங்க தாத்தாவுக்கெல்லாம் அது பறவையே இல்ல, கறி. நாங்க பள்ளிக்கூடம் போறப்ப காட்டிலாகாக்காரங்க வந்து சொல்லித்தான் நிறுத்துனாங்க.” பைனாகுலரை இறக்காமலே பேசினார். “இங்க பாருங்க, இவ்வளவு கிட்டக்க நின்னும் பயப்படல. நம்ம ஊருல ஆளக் கண்டா அரை மைல் பறக்கும்.”

மதகைக் காட்டி அது ஏன் இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு நான் பாதி சொல்வதற்குள் புரிந்துவிட்டது. “தண்ணிய எறக்கி வச்சுக்கிறாங்க. வாய்க்கா மதகு மாதிரித்தான்.” பிறகு கேட்டார்: “இந்த உள்ளான் நம்ம ஊருக்கும் போவுமா?”

இதே பறவை போகுமா என்று சொல்ல முடியாது. ஆனால் இமயமலையைத் தாண்டும் அந்தத் தடம்தான் இந்தியக் கரைக்கு வரும் பறவைகளின் தடமும். அங்கே குஞ்சு பொரித்த கூட்டத்தில் ஒன்று கோடியக்கரைக்கும் ஒன்று கிராஞ்சிக்கும் பிரிந்து வர வழியுண்டு என்றேன். “அப்ப பங்காளிங்க” என்றார்.

வெளிநாட்டுத் தொழிலாளரையும் வலசைப் பறவையையும் சேர்த்து வைத்து எழுதுவது நம் எழுத்தாளர்களுக்குப் பழக்கம். அவரிடம் சொன்னால் சிரிப்பார். உள்ளானுக்கு ஏஜென்டு கமிஷன் கிடையாது, பெர்மிட் புதுப்பிக்க வேண்டியதில்லை, விடிகாலையில் கட்டிக் கொடுத்த கேட்டரிங் பொட்டலத்தை மத்தியானம் பிரித்துச் சாப்பிடவும் வேண்டாம். அன்றைக்கு ஞாயிறு என்பதால் மூவரும் தேக்காவுக்கு மீன்குழம்பு சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பைனாகுலரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

புலாவ் உபின்

சாங்கியிலிருந்து உபின் தீவுக்குப் படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். பத்து நிமிடம். இறங்கினால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஊர்: தகரக் கூரை, சைக்கிள் வாடகைக் கடை, இளநீர், தூங்கும் நாய். கருங்கல் வெட்டிய பள்ளங்கள் இப்போது ஏரிகளாகி நாரைகள் கூடு கட்டுகின்றன. அன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நாசி லெமாக் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோறு, வறுத்த நெத்திலி, சம்பால். கடைக்கார மலாய்ப் பாட்டி அண்ணாந்து விரல் நீட்டினார். மின்கம்பியில் இருவாச்சி.

இருவாச்சி என்றால் எனக்கு வால்பாறை. மழைக்காட்டில் கழுத்து வலிக்க நின்று, ரயில் போகிற மாதிரி சிறகுச் சத்தம் கேட்டு, கண்ணுக்குப் படுவதற்குள் மறைந்துபோகும் பறவை. இங்கே வெள்ளை வயிற்றுச் சிறு இனம், சாப்பாட்டுக் கடைக்கு மேலே, ஜோடியாக. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டில் காணாமல் போயிருந்த பறவை இது. 1994-ல் உபினில் மறுபடி தென்பட்டது. பெரிய பொந்துள்ள மரங்கள் போதாது என்பதால் 2004-லிருந்து செயற்கைக் கூடுகளை வைத்து, உள்ளே கேமரா பொருத்திக் கண்காணித்தார்கள். இன்று நகரத்துக்குள்ளேயும் பறக்கிறது.

தீவின் கிழக்கு முனை செக் ஜாவா. கண்டல், மணல் திட்டு, கடற்புல், பாறைக் கரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இதையும் தூர்த்து நிலமாக்கத் திட்டம் இருந்தது. 2001-ல் வேலை தொடங்கவிருந்த நேரத்தில் பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், ஆர்வலர்கள் உயிரினங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் அரசு திட்டத்தைத் தள்ளி வைத்தது. ரத்து என்று சொல்லவில்லை, தள்ளி வைப்பு. பலகை நடையில் நின்றபோது சேற்றில் பவளக்காலி ஒன்று தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. காட்டுக்குள்ளிருந்து வைக்கோல்தலைச் சின்னானின் பாட்டு. அருமையான குரல். அந்தக் குரலே அதற்கு எமன்: இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கூண்டுக்காகப் பிடித்து ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். உலகில் மிச்சமிருப்பதில் பெரும் பங்கு இந்தச் சின்ன நாட்டில் இருக்கிறது.

சிங்கப்பூரில் எல்லாமே மேற்பார்வைக்கு உட்பட்டது. மதகுக்கு ஆள், கூட்டுக்கு கேமரா, காகத்துக்குப் பொறி. எந்தப் பறவை விருந்தாளி, எது வேண்டாதது என்று ஒரு அலுவலகம் முடிவு செய்கிறது. அமாவாசைச் சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு சித்தி ஜன்னலுக்கு உள்ளே நிற்பது எனக்கு ஒப்பவே இல்லை. ஆனால் கைவிடப்பட்ட இறால் குட்டையைப் பறவைக்குத் தங்குமிடமாக மாற்றி முப்பது வருடத்துக்கு மேல் நடத்திக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்க முடியாது. நம்மிடம் மதகு வைத்து உண்டாக்க வேண்டிய சதுப்பு இல்லை, தானாகவே இருக்கிறது. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது. அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம், 2002-லிருந்து ராம்சர் நிலம், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பறவைக்கு வளையம் மாட்டி ஆராய்ந்த இடம். நாகப்பட்டினத்துக்காரர்களில் எத்தனை பேர் அங்கே பறவை பார்க்கப் போயிருக்கிறோம்?

நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவே சிங்கப்பூர் போகிறவர்கள் முஸ்தபா கடைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு காலையை மட்டும் சுங்கை பூலோவுக்குக் கொடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கடல் ஏற்ற நேரத்தை முன்னாலேயே பார்த்துக்கொண்டு, உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே மறைகுடிலில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கோடியக்கரைக்கும் அதே மாதங்கள்தான்.